நர்சம்மா பதில்கள்: வயதைக் கூட்டிச் சொல்லாதீர்கள்

போன இதழில் ரத்தசோகை பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி வேறு விஷயத்தைக் கேட்கின்றன. சின்ன வயதுக் கல்யாணம், சின்ன வயதுப் பிரசவம், அதற்குப் பிறகு வெளியே சொல்ல முடியாத உபத்திரவம். ராமநாதபுரம் கடற்கரைக் கிராமங்களில் 33 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்தவள் நான். இந்தக் கடிதங்களைப் படிக்கும்போது எழுதியவர்களின் குரலே காதில் கேட்கிறது. அதனால் இந்த முறை பக்கம் முழுவதும் இதற்குத்தான். பெயர்களை எடுத்துவிட்டோம்.

விசைப்படகுத் தொழில் எனக்கு. போன வருசம் படகை இலங்கை நேவிக்காரங்க பிடிச்சுட்டாங்க, இன்னும் வரல. கடன் கழுத்தை நெரிக்குது. மகளுக்கு 16 வயசு, பதினொண்ணாவது படிக்கிறா. எங்க அக்கா மகன் நகை நட்டு எதுவும் வேணாம், பொண்ணை மட்டும் குடுங்கன்னு கேக்குறான். எங்க அம்மாவுக்கு 15 வயசுலதான் கல்யாணம். 16-ல என்னைப் பெத்தாங்க. இன்னைக்கும் தெம்பா இருக்காங்க. உடம்புக்கு என்ன வந்துடப் போகுது?
— ஒரு தகப்பன், தொண்டி பக்கம்

தம்பி, உங்கள் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள். எத்தனை பெற்றார்கள், எத்தனை நின்றது? குடும்பப் பதிவேடு எழுத வீடு வீடாகப் போகும்போது வயதான பெண்களிடம் இதைக் கேட்பேன். எப்போதும் இரண்டு எண்ணாகத்தான் பதில் வரும். "பெத்தது எட்டு, நிக்கிறது அஞ்சு." தெம்பாக இருக்கிற உங்கள் அம்மா கண்ணுக்குத் தெரிகிறார். அவரோடு அதே வருடம் கல்யாணமாகித் தலைச்சன் பிரசவத்திலேயே போன அவருடைய தோழியை யாரும் உதாரணம் காட்டுவதில்லை. இருந்தாளா என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

பெண் பிள்ளை பெரியவளாகி இரண்டு மூன்று வருடத்தில் உயரம் ஏறக்குறைய நின்றுவிடும். அதைப் பார்த்துத்தான் "வளர்ந்துட்டா" என்கிறோம். ஆனால் இடுப்பெலும்பு அதற்குப் பிறகும் சில வருடம் விரிந்துகொண்டுதான் இருக்கும். குழந்தையின் தலை இறங்க வேண்டிய வழி அந்த எலும்புக்கு நடுவில் இருக்கிறது. ஆள் பெரியவளாகத் தெரிவாள், உள்ளே வழி இன்னும் முடிந்திருக்காது. போதாததற்கு, அவளும் வளர வேண்டும், வயிற்றுப் பிள்ளையும் வளர வேண்டும், இரண்டுக்கும் ஒரே தட்டுச் சோறு. ரத்தம் குறைவது அங்கேதான் ஆரம்பிக்கிறது. உலகம் முழுவதும் 15 முதல் 19 வயதுப் பெண்கள் சாவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் கர்ப்பகால, பிரசவச் சிக்கல்களை உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 2006-ம் வருடக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி இந்தக் கல்யாணத்தை நடத்தி வைப்பவருக்கு 2 வருடம் வரை கடுங்காவல், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெற்றவர்களும் இதில் வருவார்கள். உங்கள் அக்கா மகன் மேல், 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பாலியல் குற்றத்திலிருந்து காக்கும் போக்சோ சட்டமும் பாயும். நல்ல பையனாகவே இருக்கட்டும், 18 முடியும் வரை காத்திருக்கட்டும். அதுவரை மகள் படிக்கட்டும். அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே விழுகிறது. படகுக் கடனை அது அடைக்காது, எனக்குத் தெரியும். பஸ்ஸுக்கும் நோட்டுக்கும் உங்களிடம் கை நீட்டாமல் அவள் படித்து முடிக்க அது போதும்.

எம் பேத்திக்கு 16 முடியல. ஒரு பையனோட போயிட்டா, அப்புறம் ரெண்டு வீட்லயும் பேசிக் கோயில்ல வச்சுத் தாலி கட்டிட்டாங்க. இப்ப முழுகாம இருக்கா, அஞ்சு மாசம். ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேசாயிரும், ஊர் மருத்துவச்சிய வச்சு வீட்லயே பாத்துக்கலாம்னு சம்பந்தி வீட்ல சொல்றாங்க. இல்லன்னா 19 வயசுன்னு சொல்லிப் பதிஞ்சுரலாம்ங்கிறாங்க. எனக்கு ராத்திரி தூக்கம் வரல.
— ஒரு அப்பத்தா, வாலிநோக்கம் பக்கம்

அக்கா, அந்த வீட்டில் தூக்கம் வராமல் கிடக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் போலிருக்கிறது. அதனால் உங்களிடமே சொல்கிறேன், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். இந்த வாரம் செவ்வாய்க்கிழமையே போங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நாள் அதுதான்.

கேஸ் விஷயத்தை மூடி மறைக்க மாட்டேன். 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை கர்ப்பமாக வந்தால் டாக்டரும் நர்சும் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும். அது போக்சோ சட்டம் எங்கள் மேல் வைத்த கடமை. நானும் சொல்லியிருக்கிறேன், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். ஆனால் இதைக் காரணம் காட்டிப் பிள்ளைக்கு வைத்தியம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. முதலில் வைத்தியம். கேஸுக்கு வக்கீல் வைக்க வசதி இல்லை என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகத் தருவார்கள், 15100 என்ற எண்ணில் கேட்கலாம். கேஸ் நடந்தாலும் அதைப் பார்க்கப் பிள்ளை உயிரோடு இருக்க வேண்டும், அக்கா.

வயதைக் கூட்டிச் சொல்வதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது என் தப்பும் சேர்ந்த கதை.

1993. நாற்பது வீடு உள்ள ஒரு குப்பம். ஏழாவது மாதத்தில் ஒரு பெண்ணை அவள் அம்மா கூட்டி வந்தார். வயது 19 என்றார். பெண் பாவாடை நாடா நுனியைத் திருகித் திருகி வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். 19 வயதுக்காரி அப்படிச் செய்ய மாட்டாள் என்று எனக்குப் பட்டது. பட்டும் 19 என்றே எழுதினேன். வெளியே இன்னும் முப்பது பேர் நின்றார்கள். உயரம் கூட அளக்கவில்லை. உண்மை வயது 15 என்று பிறகு தெரிந்தது. 15 என்று எழுதியிருந்தால் அவளைத் தனி நோட்டில் ஏற்றியிருப்பேன், எட்டாவது மாதமே பெரிய டாக்டரிடம் அனுப்பியிருப்பேன். 19 என்று எழுதியதால் முப்பத்தோராவது ஆளாக மாத்திரையைக் கொடுத்து அனுப்பினேன்.

வலி வந்தபோது எனக்குச் சொல்லிவிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு பையன் சைக்கிளில் வந்தான். பனிக்குடம் உடைந்து இரண்டு ராத்திரி ஆகியிருந்தது. தலை இடுப்பில் வந்து மாட்டி நின்றது. மீன் ஏற்றும் டெம்போவில் இருந்த ஐஸ் பெட்டிகளை மணலில் இறக்கிவிட்டு, அந்த ஈரத் தரையில் பாயை விரித்து, அவளைக் கிடத்தி டவுனுக்குக் கொண்டுபோனோம். குழந்தை உள்ளேயே இறந்திருந்தது. அவள் பிழைத்தாள். அவளைப் பற்றி நாலாவது கடிதத்தில் மறுபடி சொல்கிறேன்.

இப்போதும் வயதைக் கூட்டுகிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய்க்கு 19 வயது நிரம்பியிருக்க வேண்டும், அதற்காகவும் கூட்டுகிறார்கள். அந்த அம்மா டாக்டராக இருந்து, சென்னை சட்ட மேலவைக்குப் போய், பெண் பிள்ளைகளின் கல்யாண வயதை உயர்த்த வேண்டும் என்று வாதாடியவர். 1929-ல் வந்த சாரதா சட்டத்தில் பெண்ணுக்கு 14 என்றுதான் இருந்தது, 18 என்று ஆனது 1978-ல். அவர் பெயரில் உள்ள பணத்துக்காக ஒரு பிள்ளையின் வயதை மாற்றி எழுதுவதை நினைத்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

சரி, பேத்திக்கு வருவோம். சரியான வயதோடு பதிவு செய்யுங்கள். பதிவு எண் இல்லாமல் பின்னால் குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதும் சிரமம். உயரத்தை அளக்கச் சொல்லுங்கள். 145 சென்டிமீட்டருக்குக் குறைவு என்றால் அதைக் கார்டில் பெரிதாக எழுதச் சொல்லிக் கேளுங்கள், தப்பில்லை. ரத்தம் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் குறைவு, 7-க்குக் கீழே என்றால் ஆபத்து. சிவப்பு மாத்திரையைத் தினமும் போட வேண்டும். டீயோடு வேண்டாம், எலுமிச்சைச் சாற்றோடு குடிக்கட்டும். மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு முறையும் பிரஷர் பாருங்கள். இந்த வயதில் ஜன்னி வரும் வாய்ப்பு இருபது தாண்டியவர்களைவிட அதிகம். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, முகமும் கையும் வீங்கினாலோ, நெஞ்சுக்குழிக்குக் கீழே வலித்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரசவம் சீமாங் மையம் உள்ள ஆஸ்பத்திரியில்தான் நடக்க வேண்டும். ராத்திரி எந்நேரமும் ஆபரேஷன் செய்யவும் ரத்தம் ஏற்றவும் அங்கேதான் முடியும். உங்களுக்கு ராமநாதபுரம். தேதிக்கு ஒரு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள். அங்கே வலியில் இருக்கும் பெண்ணுக்கு ஒரு தாளில் கோடு போட்டுக்கொண்டே வருவார்கள், எத்தனை மணிக்குக் கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்தது, தலை எவ்வளவு இறங்கியது என்று. கோடு படுத்தால் காத்திருக்க மாட்டார்கள். ஊர் மருத்துவச்சியிடம் நல்ல கை இருக்கலாம், அந்தத் தாளும் கத்தியும் இல்லை. சிறு வயது என்றாலே ஆபரேஷன்தான் என்றும் பயப்படாதீர்கள். ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட எத்தனையோ பிள்ளைகள் சுகமாகவே பெற்றிருக்கிறார்கள்.

என் வயசு 24, மனைவிக்கு 18 முடிஞ்சு நாலு மாசம். மூணு வாரத்துக்கு முன்ன குழந்தை பிறந்துச்சு. ஆயுதம் போட்டு எடுத்தாங்க, தையல் நிறைய. இப்ப அவளுக்குக் காத்து பிரியிறத அடக்க முடியல. வயிறு இளகினா துணியிலயே போயிடுது. எங்கம்மா "பிள்ளை பெத்தா அப்படித்தான், சரியாயிரும்"ங்கிறாங்க. அவ அழுதுக்கிட்டே இருக்கா.
— பாம்பன்

தம்பி, மனைவிக்காக நீங்கள் எழுதியது எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? இந்த விஷயத்தில் ஆண்பிள்ளையிடமிருந்து கடிதம் வருவது அபூர்வம்.

"அப்படித்தான்" என்பது தப்பு. பிரசவத்தில் கிழிவது பலருக்கும் நடக்கும், பெரும்பாலும் தோலும் மேல் சதையும்தான் கிழியும், ஆறிவிடும். சிலருக்கு அது ஆசனவாயைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் சதை வரை போய்விடும். முதல் பிரசவம், ஆயுதம் போட்டு எடுத்தது, பெரிய தலை, இதெல்லாம் சேர்ந்தால் வாய்ப்பு கூடுதல். அந்தச் சதை கிழிந்திருந்தால் ஆபரேஷன் அறையில் வைத்துத் தனியாகச் சேர்த்துத் தைக்க வேண்டும். கவனிக்காமல் மேலே மட்டும் தைத்திருந்தால் உங்கள் மனைவிக்கு இருக்கிற மாதிரிதான் இருக்கும்.

நாளைக்கே மகப்பேறு டாக்டரிடம் கூட்டிப் போய், நீங்கள் எழுதிய இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். "தையல் வலிக்குது" என்று மட்டும் சொன்னால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "காற்றும் மலமும் அடங்கவில்லை, விரல் விட்டுப் பார்க்கச் சொல்கிறோம்" என்று கேளுங்கள். விட்டுப்போயிருந்தாலும் பின்னால் சரிசெய்ய முடியும். அதுவரை மலம் இறுகாமல் இருக்க வேண்டும். பத்தியம் என்று சொல்லித் தண்ணீரையும் காயையும் குறைக்கிறார்களே, அதை உங்கள் அம்மாவிடம் நீங்கள்தான் பேசி நிறுத்த வேண்டும். வலி குறைந்த பிறகு, காற்றை அடக்குவது போல உள்ளே இழுத்து, ஐந்து எண்ணி, விட வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு மூன்று தடவை. மாதக்கணக்கில் செய்தால்தான் பலன் தெரியும். அடுத்த பிள்ளைக்கு இரண்டு வருடமாவது போகட்டும். அந்தப் பிரசவம் எப்படி என்பதை டாக்டரோடு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

எனக்கு 31 வயசு. 17 வயசுல முதல் பிரசவம். வீட்லயே ரெண்டு நாள் வலி, அப்புறம் ஆஸ்பத்திரி, பிள்ளை செத்துதான் பிறந்துச்சு. ஒரு வாரம் கழிச்சு ஒண்ணுக்குத் தானா ஒழுக ஆரம்பிச்சது. இன்னைக்கு வரைக்கும் நிக்கல. தூங்கும்போதும் ஒழுகும். வீட்டுக்காரர் ரெண்டு வருசத்துல விட்டுட்டுப் போயிட்டாரு. அம்மாகூட இருக்கேன், கடல்ல பாசி எடுக்கிறேன். கடல்ல இருக்கும்போது நானும் மத்தவங்க மாதிரிதான், எல்லாரும் நனைஞ்சுதான இருக்கோம். கரைக்கு வந்தாத்தான் பயம். கல்யாண வீட்டுக்குப் போறதில்ல, பஸ்ல உக்காருறதில்ல. இது சாபமாக்கா? 14 வருசம் ஆச்சு, இனிமே என்ன பண்ண முடியும்?
— மண்டபம் பக்கம்

தங்கச்சி, உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன்.

சாபம் இல்லை. காரணம் ரொம்பச் சாதாரணமானது, அதனால்தான் மனது இன்னும் வலிக்கிறது. தூண்டில் நரம்பை விரலில் சுற்றி இறுக்கினால் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். முதலில் வெளுக்கும், அப்புறம் நீலம் பாயும். அவிழ்த்துவிட்டால் ரத்தம் திரும்பி ஓடும். இரண்டு நாள் அவிழ்க்காமல் விட்டால் அந்த இடம் செத்துவிடும். குழந்தையின் தலை ஒரு பக்கம், உன் முன் இடுப்பெலும்பு ஒரு பக்கம், நடுவில் மூத்திரப்பை. இரண்டு நாள் அது அப்படி நசுங்கிக் கிடந்திருக்கிறது. ரத்தம் போகாத சதை செத்து, சில நாள் கழித்து உதிர்ந்து விழுந்துவிட்டது. அங்கே ஒரு ஓட்டை. ஒரு வாரம் கழித்து ஒழுக ஆரம்பித்தது என்று எழுதியிருக்கிறாயே, அது அச்சு அசல் இந்தக் கணக்கு. இருமும்போது, தும்மும்போது மட்டும் சொட்டுவது வேறு வியாதி. தூங்கும்போதும் நிற்காமல் ஒழுகுவது பெரும்பாலும் இந்த ஓட்டைதான்.

டாக்டர்கள் இதை ஃபிஸ்டுலா என்பார்கள். அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு ரோட்டோரம் "மூலம், பௌத்திரம்" என்று போர்டு மாட்டியிருக்கும் இடத்துக்குப் போய்ப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு. அது ஆசனவாயில் வருவது, இது வேறு. நீ போக வேண்டியது மகப்பேறு டாக்டரிடம் அல்லது சிறுநீரக அறுவை டாக்டரிடம்.

1993-ல் மீன் டெம்போவில் கொண்டுபோனோமே, அந்தப் பெண்ணுக்கும் இதேதான். பிரசவம் முடிந்து இருபதாவது நாள் வீட்டுக்குப் பார்க்கப் போனேன். வாசலுக்கு வரும் முன்னே கொல்லைப்புற வேலி கண்ணில் பட்டது. உடைமுள் வேலி முழுக்கத் துணி. கிழிந்த சேலை, துண்டு, பழைய வேட்டி, குழந்தைக்கு என்று தைத்து வைத்த சட்டை கூட. குழந்தை இல்லாத வீட்டில் இத்தனை துணி எதற்கு என்று நின்றுவிட்டேன். வேலிக்குப் பின்னால் கோணிச் சாக்கில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள். சோற்றுத் தட்டும் தனியாக. தொடையின் உள்பக்கம் முழுக்க மூத்திரம் பட்டுச் சிவந்து, தோல் உரிந்திருந்தது. தண்ணீர் குடித்தால் கூட ஒழுகும் என்று தண்ணீரையே நிறுத்தியிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நிற்கப் பார்த்தாள். எழுந்தால் காலோடு வழியும் என்று மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு அப்போது இது என்னவென்றே தெரியாது. கர்ப்பப்பைப் புண் என்று நினைத்தேன். எங்கள் மூத்த சிஸ்டர்தான் சொன்னார், "ஓட்டை விழுந்திருக்கு, மதுரைக்குக் கூட்டிட்டுப் போ." முதல் சில வாரத்திலேயே போயிருந்தால் டியூப் போட்டு நாலு முதல் ஆறு வாரம் மூத்திரப்பையைக் காலியாகவே வைத்திருப்பார்களாம், சின்ன ஓட்டை என்றால் தானே மூடிக்கொள்ளுமாம். அவளுடையது பெரியது. புண் ஆற மூன்று மாதம் காத்திருந்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்தார்கள். பதினான்கு நாள் டியூப். டியூபை எடுத்த அன்று நான் கூட இருந்தேன். புது வெள்ளை விரிப்புப் போட்டு அவளைப் படுக்கச் சொன்னார்கள். அவள் இடுப்புக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி. சாயங்காலம் வரைக்கும் அந்தக் கை அங்கேயேதான் போய்ப் போய் வந்தது. விரிப்பு காய்ந்தே இருந்தது. மூன்று வருடம் கழித்து அவளுக்கு ஒரு பெண் குழந்தை, ஆபரேஷன் செய்து எடுத்தார்கள்.

14 வருடம் ஆகிவிட்டதே என்று கேட்டாய். பரவாயில்லை. இதைவிட அதிக வருடம் ஒழுகிக்கொண்டிருந்தவர்களுக்கும் மூடியிருக்கிறார்கள். எத்தியோப்பியாவில் ஹாம்லின் என்ற டாக்டர் தம்பதி 1974-ல் இதற்கென்றே அடிஸ் அபாபாவில் ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள். உன்னைப் போலச் சின்ன வயதில் பிரசவமாகி, புருஷன் விட்டுப்போய், ஊர் ஒதுக்கிய பெண்கள் நாள்கணக்கில் நடந்து அங்கே வந்திருக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் காய்ந்த துணியோடு வீட்டுக்குத் திரும்பினார்கள். இந்த வியாதிக்காக ஐக்கிய நாடுகள் சபை மே 23 என்று ஒரு நாளே வைத்திருக்கிறது. நீ தனி ஆள் இல்லை. ஒரே தடவையில் எல்லோருக்கும் மூடிவிடாது, சிலருக்கு இரண்டாவது ஆபரேஷனும் தேவைப்படும். அதையும் தெரிந்துகொண்டு போ.

போனால் என்ன செய்வார்கள்? மூத்திரப்பைக்குள் நீல மருந்து கலந்த தண்ணீரை விட்டு, கீழே பஞ்சு வைத்துப் பார்ப்பார்கள். பஞ்சு நீலமானால் ஓட்டை அங்கே இருக்கிறது. வலிக்காது. மூத்திரத்தில் கிருமி இருக்கிறதா, ரத்தம் எவ்வளவு என்று பார்ப்பார்கள், குறைவாக இருந்தால் ஏற்றிவிட்டுத்தான் ஆபரேஷன். அரசு ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எடுத்துக்கொண்டு போ. ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் காட்டி, அங்கிருந்து மதுரைக்கு எழுதி வாங்கிக்கொள்ளலாம். ஆபரேஷனுக்குப் பிறகு மூன்று மாதம் பாசிக்குப் போகக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. அதற்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்.

அதுவரை தண்ணீரைக் குறைக்காதே. குறைத்தால் மூத்திரம் கெட்டியாகி நாற்றமும் எரிச்சலும் கூடும், கல்லும் சேரும். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, ஒற்றி எடுத்து, தேங்காயெண்ணெயோ வாசலினோ தடவு. உப்பு நீரும் மூத்திரமும் சேர்ந்தால் தோல் தாங்காது. தனியாகப் போகப் பயமாக இருந்தால் பத்திரிகை முகவரிக்கு ஒரு வரி எழுது. நானே உன்னோடு வருகிறேன். உச்சிப்புளியில்தான் இருக்கிறேன், உனக்கு அடுத்த ஊர் மாதிரிதான்.

எனக்கு 17 வயசு. இந்தத் தடவை 20 நாள் தள்ளிப் போயிருக்கு. அவன் மெடிக்கல்ல மாத்திரை வாங்கித் தரேன், யார்ட்டயும் சொல்லாதன்னு சொல்றான். அம்மா எறால் கம்பெனில நைட் ஷிப்ட் போறாங்க. அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துருவாங்க. பயமா இருக்கு.
— பெயர், ஊர் வேண்டாம்

மகளே, எழுதினாய் பார், அதுவே பாதி தைரியம். அந்த மாத்திரையை மட்டும் வாங்காதே, அவன் கொண்டுவந்து தந்தாலும் போடாதே. கரு குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை வேலை செய்யாது, குழாய் வெடித்து உயிருக்கு வந்துவிடும். குழாயில் இல்லாவிட்டாலும், ரத்தம் நிற்காமல் போகும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள்?

முதலில் கர்ப்பம்தானா என்று தெரிய வேண்டும். உன் வயதில் பரீட்சை, சாப்பாட்டுக் குறைவு, தைராய்டு எதனாலும் நாள் தள்ளும். காலையில் முதல் மூத்திரத்தில் பார்க்க வேண்டும். சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள்.

கர்ப்பம் என்றாலும் வழி அடைத்துப்போகவில்லை. கர்ப்பத்தைத் தொடர வேண்டாம் என்றால் டாக்டர் மூலமாகக் கலைக்கச் சட்டம் இடம் தருகிறது. 20 வாரம் வரை ஒரு டாக்டர், 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இரண்டு டாக்டர் சம்மதித்தால் 24 வாரம் வரை. எவ்வளவு சீக்கிரம் போகிறாயோ அவ்வளவு சுலபம். பெற்றவரோ பாதுகாவலரோ எழுதிக் கொடுக்க வேண்டும். டாக்டர் போலீசுக்குத் தகவல் சொல்ல வேண்டியிருக்கும், ஆனால் நீயும் அம்மாவும் கேட்டுக்கொண்டால் கருக்கலைப்புக்கு வரும் பிள்ளையின் பெயரை அதில் சொல்ல வேண்டியதில்லை என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவன் உன்னைக் கட்டாயப்படுத்தியிருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லு. அதில் உன் தப்பு ஒன்றும் இல்லை.

அம்மா செத்துப்போக மாட்டார்கள். அழுவார்கள், ஒருவேளை அடிக்கக் கூடச் செய்வார்கள். அதற்குப் பயமாக இருந்தால் முதலில் சித்தியிடமோ டீச்சரிடமோ உங்கள் ஊர் நர்சிடமோ சொல்லி அவர்களைக் கூட வைத்துக்கொள். யாரும் இல்லை என்றால் குழந்தைகள் உதவி எண் 1098, ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு இல்லை. ஷிப்ட் முடிந்து அம்மா வந்து, கை கழுவி, ஒரு டீ குடிக்கட்டும். வாயால் சொல்ல வரவில்லை என்றால் இந்தப் பக்கத்தை மடித்து அவர்கள் கையில் கொடு.